மாம்பலகை வாங்கு

நான் என் கையால் செய்த முதல் மரச்சாமான் ஒரு வாங்கு. ஆறடி நீளம், சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை கிடையாது, நாலைந்து பேர் நெருங்கி உட்கார்ந்து இருக்கலாம். முதல் வேலைக்கு எல்லாரும் ஒரு முக்காலியோ சாமிப்படம் வைக்கிற தட்டோ செய்வார்களாம். நான் வாங்கு செய்தேன். ஏன் என்றால், என் வீட்டுக்கு ஒருவரும் வந்து இருக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அப்போது பள்ளிக்கூடம் முடிந்து எனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிறந்தது, படித்தது, பந்தடித்தது எல்லாம் பட்டணத்தில், புளியந்தீவில். மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராக ஆட்களைத் தின்றுவிட்டுப் போயிருந்த காலம். காய்ச்சல் தடுப்பு வேலைக்குப் படித்த பொடியன்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், விளம்பரத்தை முழுவதும் வாசிக்காமலே போய் நின்றவன் நான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்ன ஊரின் பேரைச் சொல்லி, "அங்கே போய் இரு. கொயினா மருந்து கொடு. தண்ணீர் தேங்கிய குழிகளுக்கு எண்ணெய் ஊற்று" என்றார்கள். ஊரையே குணப்படுத்திவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தோணி ஏறினேன்.

எனக்குக் கிடைத்த வீடு ஒரு அறையும் ஒரு விறாந்தையும். மண் சுவர், கிடுகுக் கூரை. உள்ளே கொயினாப் போத்தல்கள், எண்ணெய்த் தகரங்கள், அரசாங்கக் கந்தோர் தந்த ஒரு கதிரை. கதிரையின் முதுகில் கந்தோர் இலக்கம் வெள்ளைப் பூச்சால் எழுதியிருந்தது. காலையில் ஊர்ச்சனம் வரிசையாக வரும். என் கண்முன்னால் விழுங்க வேண்டும் என்பது சட்டம். விழுங்குவார்கள், முகத்தைக் கோணுவார்கள், போய்விடுவார்கள். பக்கத்து வளவில் இருந்த மாமி மட்டும் ஒரு தனி வகை. நண்டு பிடித்து விற்கிறவ, நல்ல வாய்க்காரி. ஆனால் கொயினாக் குடிக்கிற நேரம் மட்டும் வாய் பேசமாட்டா. கன்னத்துக்குள் அதை அடக்கிக்கொண்டு, நான் "விழுங்கியாச்சா மாமி?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேரே வேலியோரத்து முருங்கைக்குப் பின்னால் போவா. அந்த முருங்கைக்கு மலேரியா வர வழியே இல்லை.

வரிசை கலைந்ததும் என் நாள் முடிந்துவிடும். குழிகளுக்கு எண்ணெய் ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்? மற்ற நேரமெல்லாம் என்ன செய்வது? சொல்ல எனக்கு ஆயிரம் விஷயம் இருந்தது. பழைய பத்திரிகைகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஆகாயக் கப்பல் எப்படிப் பறக்கிறது, வானொலியில் குரல் எப்படி வருகிறது என்று தலை நிறைய வைத்திருந்தேன். கேட்க ஆள் இல்லை. அந்தியில் வாவிக்கரையில் நின்றால் அக்கரையில் பட்டணத்து விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவது தெரியும். எந்தப் பக்கத்து விளக்கு எந்தத் தெரு என்று என்னால் சொல்ல முடியும். அதை யாரிடம் சொல்வது?

தோணித்துறையில் ஆம்பிளைகள் கூடுவார்கள். ஒரு பழந்தோணியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வரிசையாக இருந்து கதைப்பார்கள். ஒரு நாள் துணிந்து போனேன். எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

"வாங்க தம்பி."

"இரிங்க, இரிங்க. ஏன் எழும்புறீங்க?"

"இல்ல தம்பி, சும்மாதான்." ஒருவரும் இருக்கவில்லை.

நான் கதையைத் தொடங்கினேன். "ஐரோப்பாவில சண்டை வரும் போல கிடக்கு."

"அப்பிடியா தம்பி" என்றார் ஒருவர். பிறகு காற்று வீசியது. அது நல்ல காற்று என்று இன்னொருவர் சொன்னார். நான் திரும்பி நடந்தேன். பத்தெட்டு வைத்திருப்பேன், பின்னால் ஒரே சிரிப்பு. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். இல்லை. யாருடைய வலையையோ கிழித்துக்கொண்டு போன ஒரு திருக்கை மீனைப் பற்றி. என்னைப் பற்றியாக இருந்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்கு எதையும் கணக்காகத் தீர்த்துத்தான் பழக்கம். அன்று பாயில் கிடந்து யோசித்தேன். ஏன் ஒருவரும் என் வீட்டில் தங்குவதில்லை? தங்குவதற்கு இடம் எங்கே? இருப்பது ஒரு கதிரை. நான் அதில் இருந்தால் அவர்கள் நிற்கிறார்கள்; நான் நின்றாலும் அதில் அவர்கள் இருக்கமாட்டார்கள், இலக்கம் எழுதிய கதிரை. பாயை விரித்தால் "வேலை கிடக்கு தம்பி" என்கிறார்கள். விறாந்தையில் ஒரு நீள வாங்கு போட்டால்? நானும் அதில் ஒரு மூலையில் இருப்பேன், அவர்களும் இருப்பார்கள், எல்லாரும் ஒரே உயரம். விடை கிடைத்துவிட்டது! எழும்பி உடனே படம் கீறத் தொடங்கினேன். மேலே ஒரு பலகை, நீளவாட்டில் இரண்டு பக்கமும் குறுகிய பட்டிகள், அந்தலை முனைகளில் குறுக்குத் துண்டுகளும் கால்களும். கேத்திர கணிதத்தில் நான் வகுப்பில் முதலாவது.

ஏறாவூர் முஸ்லிம் வியாபாரி ஒருவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், வாவி வழியே வள்ளத்தில் சாமான் கொண்டுவந்து துறை துறையாக விற்பார். உப்பு, சாரம், மண்ணெண்ணெய், சொன்னால் எதையும் அடுத்த முறை கொண்டு வருவார். அவரிடம் பலகை கேட்டேன்.

"எத்தின அடிக்குத் தம்பி?"

"ஆறடி. ஒண்டரை அடி அகலம். பக்கத்துக்கும் அதே நீளத்தில ரெண்டு. முதிரையில கிடைக்குமா?"

"முதிரையா? முதிரையப் பாத்தா ஆணியே திரும்பி உங்கட கைக்கு வந்திரும்." சிரித்தவர், பலகையின் அளவை மனசுக்குள் மறுபடி போட்டுப் பார்த்தாரோ என்னவோ, சிரிப்பை நிறுத்தினார். "மாம்பலகை கொண்டு வாறன். லேசு. இதுக்கு எல்லாரும் அதுதான் எடுக்கிற. அவசரமா?"

"நல்ல அவசரம் காக்கா. சனிக்கிழமை கிடைச்சாப் போதும்."

வழக்கமாக ஒரு தீப்பெட்டிக்கே அரை நாள் பேரம் பேசுகிற மனிசன். அன்றைக்கு நான் சொன்ன விலைக்கே சரி என்றார். தோளில் கையை வைத்து, "மனசத் தளர விடாதீங்க தம்பி. எல்லாம் ஆண்டவன்ட கையில" என்றார். என் தச்சுவேலைத் திறமையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கைக் குறைவா என்று எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது.

வெள்ளிக்கிழமை எனக்கே லேசான காய்ச்சல். கம்பளியைப் போர்த்துக்கொண்டு நடுங்கி நடுங்கிக் கொயினா ஊற்றினேன். கொடுக்கிறவனுக்கே காய்ச்சல் என்று வரிசையில் ஒரு முணுமுணுப்பு. சனிக்கிழமை விடியவே காய்ச்சல் விட்டுவிட்டது. காக்காவின் ஆட்கள் பலகைகளைத் தலையில் வைத்து ஊர் நடுவால் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். வாள் பிடிக்கத் தெரியாமல் திண்டாடுவதை ஊர் பார்க்க வேண்டாம் என்ற வெட்கம். வேறொன்றுமில்லை.

அந்தச் சனிக்கிழமையை நான் மறக்கமாட்டேன். மாம்பலகை முழுக்கக் காயவில்லை. வாள் பாதி தூரம் போய், மரம் பல்லைக் கடித்துக்கொண்டதுபோல் இறுகிவிடும். இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது. வாளின் இரண்டு பக்கமும் தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தேன், ஓடியது! தனியாகக் கூச்சல் போட்டேன். பிறகு ஆணி. அந்தலையில் முதல் ஆணியை அடித்ததும் பலகை நாருக்கு நேரே பிளந்துகொண்டு போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஆணி வளைந்துவிட்டது. அதைக் கல்லில் வைத்து நிமிர்த்தியபோது அதன் கூர் மழுங்கிவிட்டது. சரி, போகட்டும் என்று அதையே அடித்தேன். பிளக்கவில்லை. ஏன்? உட்கார்ந்து யோசித்தேன். கூர் ஆணி நாரை விலக்கிக்கொண்டு போகிறது, மொட்டை ஆணி நாரை நசுக்கிக்கொண்டு போகிறது, விலகினால்தானே பிளக்கும்! அப்போது எனக்கு வந்த சந்தோஷம் பரீட்சையில் பாஸ் என்று கேட்டபோதும் வரவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கதவைத் திறந்து வெளியே பார்த்தேன். வெயிலும் முருங்கையும் நின்றன. திரும்பக் கதவைச் சாத்தினேன்.

அன்றைக்கு முழுவதும் அளப்பதும் அறுப்பதும். முதலில் அடித்த அந்த மூன்று ஆணிகளைத் தவிர வேறு ஆணி அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய பலகையை நிலத்தில் வைத்து, பட்டிகளைப் பக்கத்தில் நிறுத்தி, மழுங்கடித்த ஆணிகளை வரிசையாக வைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினேன். டொக், டொக், டொக். கை பழகிவிட்டது. ஒரு தாளம்கூட வந்துவிட்டது. நீளப் பட்டி இரண்டும் முடிந்து, அந்தலைத் துண்டுகளையும் அடித்தேன். இனிக் கால்கள்தான்.

அப்போது வெளியே அழுகுரல் கேட்டது.

சுத்தியலை நிறுத்தினேன். ஐயோ, பக்கத்து வளவில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. காய்ச்சலாக இருக்குமோ? என் கொயினாவையும் மீறிச் சாவா? அழுகை ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, என் வேலிக் கடப்புக்குள்ளேயே வந்துவிட்டது. எல்லாக் குரலுக்கும் மேலே நண்டுக்கார மாமியின் குரல்.

"என்ட மனே! தாய் அக்கரையில, நீ இக்கரையில, தனியக் கிடந்து போயிட்டியே மனே!"

எந்த மகன்? இந்த ஊரில் தாய் அக்கரையில் இருக்கிறவன் யார்?

"ஒரு வாய் கஞ்சி வச்சுத்தர ஆளில்லாமக் கிடந்தியே மனே! அந்தி பட்டா விளக்கையே பாத்துக்கொண்டு நிப்பியே! நீ தந்த கொயினாவ எல்லாம் முருங்கையடியில துப்பின பாவி நானல்லோ!"

செத்தவன் நான்தான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் உடனே வெளியே போகவில்லை. போயிருக்கலாம், கதவு நாலடி தூரத்தில்தான். ஆனால் நின்று கேட்டேன். யாரோ ஒரு பெண் நான் சிரித்த முகத்தோடு மருந்து தருவேன் என்றாள். இன்னொருத்தி, நான் தனியாகப் பாட்டுப் படித்துக்கொண்டு குழிக்குழியாகத் திரிவேன் என்று சொல்லி அழுதாள். நான் பாடுவது எனக்கே தெரியாது. என்னை ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சுத்தியலைக் கீழே வைக்க மறந்து, அப்படியே கதவைத் திறந்தேன்.

பின்னால் நின்ற ஒருவர் வேலியைத் தாண்டி ஓடினார்.

"பேய்!"

"பேயெண்டா சுத்தியலோடயா வரும்? சும்மா நில்லுகா" என்றார் இன்னொருவர். துறையில் திருக்கைக் கதை சொன்னவர் அவர்தான். வலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார். இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. "உயிரோடயா மனே இரிக்காய்?"

"ஓம் மாமி."

"அப்ப உள்ள ஆரு பெட்டி அடிச்ச?"

அப்போதுதான் விளங்கியது. அந்த ஊரில் வீடுகள் கயிற்றாலும் கொடியாலும் கட்டியவை. கூரையில்கூட ஓர் ஆணி கிடையாது. தோணி ஒரே மரத்தைக் குடைந்தது. பலகையில் ஆணி இறங்குகிற சத்தம் அங்கே கேட்பது ஒரே ஒரு வேளையில், சாவு வீட்டில் பெட்டி அடிக்கிறபோது. பறைமேளம் வருவதற்கு முன் அந்தச் சத்தம்தான் ஊருக்குச் செய்தி. கேட்டவர்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். யாரும் போய்ச் சொல்வதில்லை. வேறு எதற்காவது ஆணி அடிக்க வேண்டி வந்தால் முதல் நாளே சுற்றியுள்ள வளவுகளுக்குப் போய், "நாளைக்கு அடிப்பு இரிக்கு, வேற ஒண்டுமில்ல" என்று சொல்லிவைக்க வேண்டும். வெள்ளி காய்ச்சல், சனி பெட்டிக்கென்றே எடுக்கிற மாம்பலகை, பிறகு சாத்திய கதவு, ஞாயிறு ஆணி. கணக்கு அவர்களுக்குச் சரியாகத்தான் வந்திருக்கிறது. பட்டணத்து ஆசாரி எவனோ உள்ளே நின்று அடிக்கிறான் என்று நினைத்தார்களாம்.

"பெட்டி இல்ல மாமி, வாங்கு. நீங்க எல்லாரும் வந்து இரிக்கத்தான் செய்யிறன்." கதவை அகலத் திறந்து காட்டினேன்.

திருக்கைக்காரர் குனிந்து பார்த்தார். கால் போடாமல், தலைகீழாக, நாலு பக்கமும் அடைத்துக் கிடந்தது என் வாங்கு. பட்டி குறுகியதுதான், ஆனாலும் பார்க்கிற கண்ணுக்கு அது பெட்டிதான். "ஆணி நல்லா இறங்கியிரிக்கு. மூடி மட்டுந்தான் குறை" என்றார். ஊர் சிரித்தது. அழுத கண்ணோடு சிரித்தது.

"வாங்க, உள்ள வந்து இரிங்க" என்றேன். எவ்வளவு ஆசையாகச் சொன்னேன்! அத்தனை பேர் என் விறாந்தையில். "தேத்தண்ணி வைக்கிறன்."

"ஒண்ணா மனே, வேணாம்" என்றா மாமி. "சாவு வீடெண்டு அழுதுகொண்டு காலெடுத்து வச்சாச்சு. குளிக்காமத் தண்ணி வென்னி குடிக்கேலா. என்ட கண்ணீரையும் வீணாக்கிப் போட்டாய். ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு அடிச்சா என்ன, வாய் தேஞ்சிருமா?"

போய்விட்டார்கள். கூட்டமாக வாவிக்குப் போய் இறங்கினார்கள். நான் விறாந்தையில் சுத்தியலோடு நின்றேன். ஆளுக்கு ஆள் தண்ணீரை அடித்து விளையாடுவதும், பேய் பார்த்து ஓடினவரைப் பகிடி பண்ணுவதும், மாமி எனக்காக அழுத ராகத்தை யாரோ திருப்பிப் பாடிக் காட்டுவதும், பிறகு எல்லாரும் கெக்கட்டமிட்டுச் சிரிப்பதும் கேட்டது. நானும் போய் இறங்கியிருக்கலாம். ஆனால் செத்தவன் எப்படிக் குளிக்கப் போவது?

வாங்கை முடித்தேன். கால்கள் வைத்து நிமிர்த்தி, காய்ந்த திருக்கைத் தோலால் தேய்த்து மினுக்கினேன். ஆட்டமில்லை, கோணலில்லை. விறாந்தையில் போட்டேன். மறுநாள் கொயினா வரிசை அதைச் சுற்றி வளைந்து போனது.

"இரிங்களன்."

"பெட்டியில ஆரு தம்பி இரிப்பான்?"

வாங்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. கொயினாத் தம்பியின் பெட்டி என்றே ஊரில் பேர் விழுந்துவிட்டது. நான் மட்டும் அதில் இருந்தேன். ஒரு மத்தியானம் அலுப்பில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டேன், வழியால் போன ஒருவர் "எழும்பு தம்பி, எழும்பு!" என்று அலறி, நான் எழும்பி இருக்கும்வரை கடப்பிலேயே நின்றார். அதற்குப் பிறகு என் வாசல் பக்கம் வருகிறவர்கள்கூடக் குறைந்தார்கள். முன்பெல்லாம் இடம் இல்லாததால் இருக்கவில்லை என்று எண்ணிக்கொள்ளலாம். இப்போது இடம் இருந்தது. ஆறடி இடம், வெறுமையாக. அந்தியில் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், அதைத் தலையில் தூக்கிக்கொண்டுபோய்த் துறையில் போட்டுவிட்டேன். விறகுக்கு எடுத்தாலும் எடுக்கட்டும். கவிழ்த்த தோணிக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீரைப் பார்த்தபடி அது நின்றது. இரண்டொரு நாள் யாரும் தொடவில்லை. பிறகு யாரோ ஈர வலையை அதன்மேல் உலரப் போட்டிருந்தார்கள். பிறகு அதில் மீன் செதில்கள் ஒட்டியிருந்தன, வெட்டியும் இருக்கிறார்கள். தேய்த்து மினுக்கிய பலகையில் கத்திக் கீறல்கள். கோபம் வரவில்லை. போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் நான் போனபோது மாமி அங்கே நின்றா. நண்டுக் கூடை காலடியில், இடுப்புவரை ஈரச் சேலை. பட்டணத்துத் தோணிக்குக் காத்துக்கொண்டு நின்றவ, வாங்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தா, என்னையும் பார்த்தா. பிறகு தொப்பென்று அதில் இருந்துவிட்டா.

தோணியின்மேல் இருந்தவர்கள் திரும்பினார்கள். "ஏய் மாமி, உயிர்மேல ஆசையில்லையாகா?" என்றார் திருக்கைக்காரர்.

"இதில இரிந்தா நான் சாவனெண்டா, இவன்ட கொயினாவக் குடிச்சு எப்பவோ செத்திருப்பன்."

"நீங்கதான் குடிக்கவே இல்லையே மாமி, துப்பினீங்க" என்றேன் நான்.

"அத நீ செத்தாப் பிறகுதானே சொன்னன். செத்தவன் ஞாபகம் வச்சிருப்பானா?" என்று சொல்லி, கூடையைக் கொஞ்சம் நகர்த்தினா. "நீயும் இரி மனே. நிண்டுகொண்டு என்ன பாக்காய்?"

இருந்தேன். தோணியின்மேல் இருந்த ஆம்பிளைகள் எழும்பவில்லை. தங்கள் கதையைத் தொடர்ந்தார்கள்.

எனக்கும் மாமிக்கும் நடுவில் இரண்டு பேர் இருக்கிற இடம் இருந்தது. சொல்லச் சேர்த்துவைத்த ஆயிரம் விஷயத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில், "மொட்டை ஆணியெண்டாப் பலகை பிளக்காது மாமி" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். நார் விலகுவதையும் நசுங்குவதையும் விரலால் பலகையில் காட்டினேன். மாமி கடைசிவரை கேட்டா. கூடைக்குள் ஒரு நண்டு மேலே ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது. அதைத் தட்டி உள்ளே தள்ளினா.

தோணி வந்தது. அவ எழும்பி, கூடையைத் தலையில் வைத்து, தண்ணீருக்குள் இறங்கி ஏறிக்கொண்டா. திரும்பிப் பார்க்கவில்லை. தோணிக்காரன் கம்பை ஊன்றித் தள்ளினான். அக்கரையில் விளக்கேற்றத் தொடங்கிவிட்டார்கள். ஆம்பிளைகளும் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். நான் வாங்கில் இருந்தேன். மாமி இருந்த இடத்தில் பலகை இன்னும் ஈரமாக இருந்தது.